மூத்தோரின் வரலாற்றுப் பயணம் எதற்காக? திருப்பதி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கேள்வியும் களமும்

அறுபது வயதைக் கடந்தவர்கள் குழுவாகச் சேர்ந்து, விளக்கிச் சொல்ல ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு, பழைய இடங்களைப் பார்த்துவருவது எதற்காக? புண்ணியத்துக்காக, அறிவுக்காக, தனிமை தீர்வதற்காக என்று காலந்தோறும் விடைகள் வந்துள்ளன. அண்மைக் காலத்தில் அது அரசு செய்து தரவேண்டிய உதவி என்ற விடையும் சேர்ந்திருக்கிறது. இவ்விடைகள் ஒவ்வொன்றும் மூத்தோரை ஒரு விதமாகப் பார்க்கின்றன. ஒன்றுக்கு அவர்கள் பக்தர்கள், ஒன்றுக்கு மாணவர்கள், மற்றொன்றுக்குப் பயனாளிகள். எந்தப் பார்வையை ஏற்கிறோமோ அதற்கேற்பவே பயணத்தின் வழித்தடமும் வேகமும் வழியில் நடக்கும் பேச்சும் அமைகின்றன.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அறுபது வயதுக்கு மேற்பட்டோர் ஏறத்தாழ 10.4 கோடிப் பேர். தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் மக்கள்தொகையில் அவர்களின் பங்கு நாட்டின் சராசரியைவிட அதிகம். ஆகவே இந்தக் கேள்வி சிறு வட்டத்தாரின் பொழுதுபோக்கு பற்றியது என்று ஒதுக்கிவிட முடியாது.

இதைத் திருப்பதி வட்டாரத்தில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. ஓரிரு மணி நேரப் பேருந்துத் தொலைவுக்குள் திருமலை, திருச்சானூர், காளத்தி, குடிமல்லம், தொண்டமநாடு, சந்திரகிரிக் கோட்டை, நாராயணவனம், நாகலாபுரம் எல்லாம் அடங்கிவிடுகின்றன. பல்லவர், சோழர், யாதவராயர், விஜயநகர அரசர் எனப் பல ஆட்சிகளின் தடயங்கள் இங்கே உள்ளன. தமிழும் தெலுங்கும் நெடுங்காலமாகப் பக்கத்தில் பக்கத்தில் வாழும் மண்ணும் இது. 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்திலிருந்தும் நெல்லூர் மாவட்டத்திலிருந்தும் பகுதிகளைப் பிரித்து, 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. நாட்டின் மூலைமுடுக்குகளிலிருந்தெல்லாம் மூத்தோர் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் இடமாதலால், மேற்சொன்ன விடைகள் அனைத்தையும் இங்கே அருகருகே வைத்துச் சோதிக்க முடிகிறது.

தலயாத்திரை மரபு தரும் விடை

மிகப் பழைய விடை தலயாத்திரை மரபுடையது. குடும்பப் பொறுப்புகள் தீர்ந்த பிறகு காசிக்கும் இராமேசுவரத்துக்கும் போய்வருவது, வாழ்க்கையை நிறைவு செய்யும் கடமையாகக் கருதப்பட்டது. வழியில் கள்வர், காய்ச்சல், ஆற்று வெள்ளம் எனப் பல அச்சங்கள் இருந்ததால் குழுவாகப் போவதே வழக்கம். தலத்தை அடைந்ததும் அங்குள்ள பட்டரோ பண்டாவோ தலபுராணம் சொல்வார். கல்வி என்ற பெயர் இல்லாவிட்டாலும் கற்பித்தல் அங்கே நடந்தது.

இதற்கு அருமையான சான்று ஏனுகுல வீராசாமி. சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த அவர், 1830 மே மாதம் சுமார் நூறு பேருடன் சென்னையிலிருந்து கிளம்பி, திருப்பதி, கடப்பை, ஐதராபாத், நாகபுரி வழியாகக் காசிக்குப் போய், 1831 செப்டம்பரில் திரும்பினார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ ஐம்பது. அக்காலக் கணக்கில் அது முதுமைதான். வழியெங்கும் எழுதிய குறிப்புகள் ‘காசி யாத்திரை சரித்திரம்’ என்ற தெலுங்கு நூலாக 1838இல் அச்சேறின. கோயில், பூசை பற்றி மட்டும் அவர் எழுதவில்லை. சாலையின் நிலை, சத்திரம், தண்ணீர், விளைச்சல், விலைவாசி, சாதி வழக்கங்கள், அதிகாரிகளின் நடத்தை எல்லாம் அதில் உண்டு. பக்திப் பயணமும் கூர்ந்து கற்கும் பயணமும் ஒரே மனிதரிடம் முரணின்றி இருக்க முடியும் என்பதை அந்நூல் காட்டுகிறது.

தலயாத்திரை மரபின் பெரிய பலம், பயணிக்கு முன்பே இருக்கும் அறிவை அது பயன்படுத்துவது. ஆழ்வார் பன்னிருவரில் பதின்மர் திருவேங்கடத்தைப் பாடியுள்ளனர். காளத்தியைத் தேவார மூவரும் பாடியுள்ளனர். அத்தலத்துக்குரிய கண்ணப்பர் கதை தமிழ் வீடுகளில் சிறுவயதிலேயே காதில் விழுவது. பாசுரமும் பதிகமும் மனப்பாடமாக உள்ள ஒரு மூதாட்டி காளத்திக்கு வரும்போது, அந்த இடத்தைப் பற்றி ஒன்றும் அறியாதவராக வருவதில்லை.

ஆனால் இவ்விடையின் குறைகளையும் ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். யாத்திரையில் எல்லாரும் சமமாகிவிடுகிறார்கள், அன்றாட வேற்றுமைகள் தளர்கின்றன என்ற கருத்தை விக்டர் டர்னரும் எடித் டர்னரும் 1978இல் வெளியான தம் நூலில் விரிவாக முன்வைத்தனர். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1962இல், பண்டரிபுர யாத்திரை பற்றி எழுதிய மானிடவியலாளர் இராவதி கார்வே, ஒரே பாதையில் நடக்கும் குழுவிலும் சாதிவாரியாகப் பிரிந்து உண்ணும் வழக்கம் தொடர்வதைப் பதிவுசெய்திருந்தார். கூடிப் பயணம் செய்வதாலேயே வேற்றுமை கரைந்துவிடும் என்று கொள்ள முடியாது என்பதே அவர் எழுத்திலிருந்து கிடைக்கும் எச்சரிக்கை. ஆன் கோல்டு 1988இல் வெளியிட்ட நூல், ராஜஸ்தான் கிராமத்தார் பேருந்தில் போன நெடும் யாத்திரையை உடனிருந்து ஆராய்ந்தது. யாத்திரிகர்களின் நோக்கங்கள் ஒரே மாதிரியானவை அல்ல என்பது அதிலிருந்தும் தெரிகிறது.

இன்னொரு குறை வரலாறு சார்ந்தது. தலபுராணம் காலத்தை ஒரே அடுக்காகச் சொல்கிறது. எந்த மண்டபம் எப்போது எழுந்தது, நிலம் தந்தவர் யார், விளக்குக்கு ஆடு விட்டவர் யார் என்பதெல்லாம் அதில் மறைந்துபோகும். வழிபாடு நின்றுபோன இடங்களும் அரண்மனைகளும் கோட்டைகளும் யாத்திரைப் பாதைக்கு வெளியே தங்கிவிடும்.

கல்வெட்டும் தொல்லியலும் தரும் விடை

பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில் இன்னொரு விடை உருவானது. பழைய இடம் என்பது சான்று; அதைப் படித்தறிவதே பயணத்தின் பயன் என்பது இவ்விடை. திருமலையில் இதற்கு உறுதியான அடித்தளம் உண்டு. கோயில் நிர்வாகமான தேவஸ்தானத்தின் தொல்லியலாளராக இருந்த சாது சுப்பிரமணிய சாஸ்திரி கல்வெட்டுகளைத் திரட்டி 1930இல் அறிக்கை அளித்தார். 1931 முதல் அவை தொகுதிகளாக வெளிவந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அக்கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் உள்ளன.

அவற்றில் புகழ்பெற்றது பல்லவ அரசி சாமவையின் கொடை. வெள்ளியில் ஒரு திருமேனி செய்வித்து, அணிகலனும் நிலமும் அளித்து, விழாவுக்கும் ஏற்பாடு செய்ததை அது கூறுகிறது. போக சீனிவாசர் என்று இன்று அழைக்கப்படும் அத்திருமேனி அன்றாட வழிபாட்டில் இன்றும் உள்ளது. கொடையின் ஆண்டு பொதுவாகக் கி.பி. 966 எனச் சொல்லப்படுகிறது. கல்வெட்டில் வரும் அரசர் யார் என்பதைப் பொறுத்து வேறு கணிப்புகளும் முன்வைக்கப்பட்டுள்ளன. விஜயநகரக் காலச் சான்றுகள் இன்னும் தெளிவானவை. கிருஷ்ணதேவராயர் 1513 முதல் பலமுறை மலைக்கு வந்து அளித்த கொடைகள் கல்வெட்டில் உள்ளன. தேவியர் இருவருடன் அவர் கைகூப்பி நிற்கும் செப்புச் சிலைகள் கோயிலுக்குள் நுழையும் மண்டபத்தில் உள்ளன.

மலையடிவாரத்துக்கு வெளியே போனால் சான்றுகளின் வயது கூடுகிறது. குடிமல்லம் பரசுராமேசுவரர் கோயிலில், ஏறத்தாழ ஐந்தடி உயர இலிங்கத்தின் முகப்பில், குறள் உருவத்தின் தோள்மேல் நிற்கும் சிவனின் உருவம் செதுக்கப்பட்டுள்ளது. து. அ. கோபிநாத ராவ் இதை ஆய்வுலகுக்கு விரிவாக அறிமுகப்படுத்தினார். 1970களில் ஐ. கே. சர்மா மேற்கொண்ட அகழாய்வு, இன்றைய கட்டடத்துக்கு முந்திய நிலைகள் அங்கிருந்ததைக் காட்டியது. இலிங்கம் கி.மு. இரண்டு அல்லது முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்போர் உண்டு. சில நூற்றாண்டுகள் பிந்தியது என்போரும் உண்டு. யானையின் பின்புறம் போல வளைந்த தூங்கானைமாட விமானம் பிற்காலத்துக் கட்டுமானம். ஒரே இடத்தில் பல காலங்கள் அடுக்கடுக்காக இருப்பதைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான இடம் இவ்வட்டாரத்தில் அரிது.

காளத்திக்கு அருகிலுள்ள தொண்டமநாடு மற்றொரு எடுத்துக்காட்டு. சோழப் பேரரசுக்கு அடித்தளமிட்ட முதலாம் ஆதித்தன் இறந்த இடமாகக் கல்வெட்டுகள் குறிப்பிடும் தொண்டைமானாற்றூர் இதுவே. அவன் மகன் பராந்தகன் அங்கே பள்ளிப்படைக் கோயில் எழுப்பினான். தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்க்கப் போகும் தமிழ்ப் பயணிகள் கூட்டத்தில் மிகச் சிறு பகுதிகூட இங்கே வருவதில்லை.

இந்த விடையின் குறைகள் இரண்டு. முதலாவது, அது நிபுணரின் மொழியில் பேசுகிறது. கட்டடக்கலைச் சொற்களும் அரசர் வரிசையும் ஆண்டுகளும் அடுக்கப்படும்போது கேட்பவர் மனத்தில் எதுவும் தங்குவதில்லை. இரண்டாவது, வழிபாடு நடக்கும் கோயிலைக் காட்சிப்பொருளாக மட்டும் பார்க்கும் பார்வை, வந்திருப்பவரின் நம்பிக்கையை ஒரு தடையாகக் கருதிவிடுகிறது. திருமலையின் கல்வெட்டுகள் பிராகாரச் சுவர்களில் உள்ளன. நகரும் வரிசையில் ஒருவர் நின்று அவற்றைப் பார்ப்பதே கடினம். ஆகவே கல்வெட்டைக் கற்பிக்க விரும்பும் பயணம், கூட்டம் குறைந்த கோயில்களைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ள யோகிமல்லவரம் பராசரேசுவரர் கோயில் திருச்சானூரை ஒட்டியே இருக்கிறது. விஜயநகரக் காலத் தமிழ் எழுத்து இன்றைய எழுத்துக்கு ஓரளவு நெருக்கமானது. கிரந்த எழுத்துகள் கலந்திருந்தாலும், சிறிது பயிற்சி பெற்ற தமிழர் சில சொற்களையேனும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம்.

வாழ்நாள் கல்வி இயக்கம் தரும் விடை

மூன்றாவது விடை மேற்கு நாடுகளில் 1970களில் உருப்பெற்றது. 1973இல் பிரான்சின் தூலூஸ் நகரில் பியர் வெல்லாஸ், ஓய்வுபெற்றோருக்கான முதல் ‘மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகத்தை’ நிறுவினார். 1980களின் தொடக்கத்தில் அது பிரிட்டனுக்கு வந்தபோது பீட்டர் லாஸ்லெட் முதலானோர் அதன் வடிவத்தை மாற்றினர். பல்கலைக்கழகப் பேராசிரியர் கற்பிப்பதற்குப் பதிலாக, உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொள்வது பிரிட்டன் முறை. அமெரிக்காவில் 1975 கோடையில் நியூ ஹாம்ப்ஷயரின் ஐந்து கல்லூரிகளில் 220 பேருடன் ‘எல்டர்ஹாஸ்டல்’ தொடங்கியது. மார்ட்டி நோல்டனும் டேவிட் பியான்கோவும் அதைத் தொடங்கியவர்கள். மாணவர் விடுதியில் தங்கி வகுப்புக்குப் போவதாகத் தொடங்கிய அது, பின்னர் உலகெங்கும் வரலாற்றிடங்களுக்குக் கல்விப் பயணம் நடத்தும் அமைப்பாக வளர்ந்து, 2010இல் ‘ரோடு ஸ்காலர்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது.

இவ்வியக்கத்தின் பின்னே சில கோட்பாடுகள் உள்ளன. புதிதாக எதிர்ப்படும் சிக்கலை வேகமாகத் தீர்க்கும் திறன் வயதோடு குறையக்கூடும்; ஆனால் சேர்த்துவைத்த சொல்வளமும் பட்டறிவும் நெடுங்காலம் நிலைத்திருக்கும் என்னும் பாகுபாட்டை உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் வகுத்தார். முதியோர் கல்வியாளர் ஹோவர்ட் மெக்ளஸ்கி, மூத்தோரின் கல்வித் தேவைகளை வகைப்படுத்தினார். வாழ்க்கையைச் சமாளிப்பது, தன்னை வெளிப்படுத்துவது, பிறருக்குப் பயன்படுவது, சமூகத்தில் செல்வாக்குச் செலுத்துவது, உடல் தளரும்போதும் வாழ்வின் பொருளைத் தேடித் தன்னைக் கடந்து நிற்பது ஆகியன அவை. கடைசித் தேவை நம் தலயாத்திரை மரபுக்கு மிக அருகில் வருவதைக் கவனிக்க வேண்டும். கல்விப் பயணமும் தலயாத்திரையும் எதிரெதிர் துருவங்கள் என்ற கருத்து இங்கே வலுவிழக்கிறது.

இந்த விடையின் பலம், மூத்தோரைக் கற்கும் ஆற்றலுள்ள முழு மனிதராக மதிப்பது. பலவீனம், அதன் சமூக அடித்தளம். இப்படிப்பட்ட பயணங்களுக்குப் பணமும் ஓய்வூதியமும் ஓரளவு முன்கல்வியும் தேவைப்படுகின்றன. நம் நாட்டில் இன்றைய மூத்தோரில் பெரும்பகுதியினருக்கு ஓய்வூதியம் இல்லை. பள்ளிக்குப் போகாத மூதாட்டிகள் பலர். கையேட்டைப் படித்துவிட்டு வா, விவாதத்தில் கலந்துகொள் என்னும் முறை அவர்களை வெளியே நிறுத்திவிடும். அதே மூதாட்டி கேட்டறிந்தவை ஏராளம். கதை கேட்பதிலும் பாடல் நினைவிலும் பழகியவருக்கு, கேள்விவழி அமையும் கல்விப் பயணமே பொருந்தும். அதை வடிவமைப்பது தனித் திறமை வேண்டும் வேலை.

அரசுத் திட்டங்கள் தரும் விடை

நான்காவது விடை அண்மைக் காலத்தது. மத்தியப் பிரதேச அரசு 2012இல் தொடங்கிய முதலமைச்சர் தீர்த்த தரிசனத் திட்டம், அறுபது வயதைக் கடந்த, வருமான வரி கட்டாதவர்களை அரசுச் செலவில் தலங்களுக்கு அழைத்துச் செல்கிறது. திருப்பதியும் வேளாங்கண்ணியும் அஜ்மீரும் அதன் பட்டியலில் இடம்பெற்றன. தமிழ்நாட்டில் இந்து சமய அறநிலையத் துறை, 60 முதல் 70 வயது வரையுள்ளோரை இராமேசுவரத்திலிருந்து காசிக்கும், 2024 முதல் அறுபடை வீடுகளுக்கும் கட்டணமின்றி அழைத்துச் சென்றது.  இந்திய ரயில்வே 2021இல் அறிவித்த பாரத் கௌரவ் ரயில்களும் குழுப் பயணங்களுக்கு வழி திறந்தன.

இத்திட்டங்களைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. வாழ்நாளில் ஒருமுறையும் தன் மாவட்டத்தைத் தாண்டாதவருக்கு, பாதுகாப்பான துணையுடன் நெடும்பயணம் கிடைப்பது பெரிய செய்தி. மருத்துவ உதவி, உணவு, தங்குமிடம் எல்லாம் கவனிக்கப்படுவதால் பிள்ளைகளின் தயவை எதிர்பார்க்காமல் போகமுடிகிறது. அறிவுச் செல்வத்தை வசதி படைத்தவரோடு நிறுத்திவிடாமல் பரப்பும் வாய்ப்பு இவ்விடைக்கே அதிகம்.

ஆயினும் இங்கே வெற்றியின் அளவுகோல் பெரும்பாலும் எண்ணிக்கை: எத்தனை பேர் போனார்கள், எத்தனை தலம் பார்த்தார்கள் என்பது. பார்த்த இடத்தைப் பற்றி என்ன தெரிந்துகொண்டார்கள் என்பது கேட்கப்படுவது குறைவு. பயணத்துக்கு முன் ஓர் அறிமுக உரை, வழியில் தாய்மொழியில் விளக்கம், திரும்பியபின் ஒரு கூடுகை ஆகிய மூன்றும் பெரிய செலவு பிடிப்பவை அல்ல. அவற்றைச் சேர்த்தால் பயனாளி கற்பவராகவும் ஆவார்.

விளக்குபவர் யார், எதைச் சொல்ல வேண்டும்?

நான்கு விடைகளுக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. அது விளக்குபவரின் பங்கு. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களை முன்வைத்து 1957இல் நூலெழுதிய ஃபிரீமன் டில்டன், தகவலை அடுக்குவது விளக்கம் ஆகாது; பார்ப்பவரின் வாழ்வனுபவத்தோடு இணைத்து அவரைச் சிந்திக்கத் தூண்டுவதே விளக்கம் என்றார். 1985இல் எரிக் கோஹன், வழிகாட்டியின் பணியில் பாதை காட்டுவது, அறிவூட்டுவது என இரு வேர்கள் இருப்பதைப் பிரித்துக் காட்டினார். திருப்பதி வட்டாரக் குழுப் பயணங்களில் முதற்பணியே நேரம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது: தரிசனச் சீட்டு, வரிசை, செருப்பு வைக்கும் இடம், சாப்பாட்டு நேரம், பேருந்து நிற்கும் இடம். இரண்டாம் பணிக்கு மூச்சுவிட இடமில்லை.

இரண்டாம் பணிக்கு இடம் கிடைத்தாலும் எதைச் சொல்வது என்பது எளிதல்ல. சந்திரகிரி ராஜமகாலை எடுத்துக்கொள்வோம். மரத்தைப் பயன்படுத்தாமல் கல், செங்கல், சுண்ணாம்பால் எழுப்பப்பட்ட அந்த மூன்றடுக்கு மாளிகையில் இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இயங்குகிறது. சென்னைக் கோட்டைக்கான இடத்தை 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டேவுக்கு வழங்கிய ஆவணம் இங்கே கையெழுத்தானது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. முதற்கொடையை அளித்தவர் கடற்கரைப் பகுதியை ஆண்ட தாமர்ல நாயக்கர். சந்திரகிரியிலிருந்த விஜயநகர அரவீடு மரபு அரசரின் மேலாண்மையின்கீழ் அவர் இருந்தார். 1645இல் அம்மரபின் மூன்றாம் ஸ்ரீரங்கராயர் கொடையை உறுதிப்படுத்தினார். அந்த அறையில் அந்த நாளில் நடந்தது என்ற கதையைவிட, ஒரு பேரரசு தளர்ந்துகொண்டிருந்த வேளையில் அதிகாரம் எப்படிப் பல கைகளில் சிதறிக் கிடந்தது என்ற விளக்கம் கேட்பவருக்கு அதிகம் தரும். உத்தியோகத்திலும் வணிகத்திலும் ஊர்ப் பொதுக்காரியங்களிலும் அதிகாரம் செயல்படும் விதத்தைப் பார்த்தவர்கள் மூத்தோர். இப்படிப்பட்ட விளக்கத்தை அவர்கள் விரைவில் பற்றிக்கொள்ளக்கூடும்.

கீழ்த்திருப்பதி கோவிந்தராசர் கோயிலில் சிக்கல் வேறு வகையானது. தில்லையிலிருந்து வந்த உற்சவரை இராமானுசர் இங்கே எழுந்தருளச் செய்தார் என்பது வைணவ மரபு. அச்செய்தியில் வரும் சோழ அரசன் யார், நிகழ்வு எந்த அளவுக்கு மரபு சொல்வதுபோல் நடந்தது என்பதில் வரலாற்றாசிரியரிடையே கருத்தொற்றுமை இல்லை. நல்ல விளக்கம் இரண்டையும் சொல்ல வேண்டும்; எது மரபு, எது சான்று என்று பிரித்துக்காட்டவும் வேண்டும். மூத்தோரின் மனம் புண்படும் என்று அஞ்சிச் சான்றை மறைப்பது அவர்களை மதிப்பதாகாது. மரபைக் கேலிசெய்வதும் அவ்வாறே.

காளத்தி ராஜகோபுரம் மூன்றாவது வகை. கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய அக்கோபுரம் 2010 மே மாதம் இடிந்து விழுந்தது; புதிதாகக் கட்டப்பட்ட கோபுரத்துக்கு 2017இல் குடமுழுக்கு நடந்தது. திருமலைக் கோயிலுக்கு எதிரே 1464இல் எழுந்த ஆயிரங்கால் மண்டபம் 2003இல் அகற்றப்பட்டது. இவ்விடங்களில் விளக்குபவரைவிட விளக்கம் கேட்பவருக்கே கூடுதலாகத் தெரிந்திருக்கும் வாய்ப்பு உண்டு. பழைய கோபுரத்தின்கீழ் நடந்தவர்கள், ஆயிரங்கால் மண்டபத்தில் படுத்துறங்கியவர்கள் இன்றைய பயணிகளுள் உள்ளனர். 1974இல் இரண்டாவது மலைப்பாதை திறக்கும் முன் ஒரே பாதையில் பேருந்து ஏறி இறங்கியதை நினைவில் வைத்திருப்போரும் உண்டு. எழுபது வயதுகளின் நடுவிலும் அதற்கு மேலும் உள்ள தமிழர்கள், திருப்பதியும் சென்னையும் ஒரே மாகாணத்தில் இருந்தபோது பிறந்தவர்கள். 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிரிந்தது, ம.பொ.சி. முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டம், 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது ஆகியவற்றைத் தம் வீட்டுப் பேச்சாகக் கேட்டவர்கள். தெலுங்கர் வீடுகளில் அதே நிகழ்ச்சிகள் வேறு விதமாகப் பேசப்பட்டிருக்கும். இரு மொழியாரும் உள்ள குழுவில் இந்நினைவுகளைப் பரிமாறிக்கொண்டால், நூலில் கிடைக்காத வரலாறு வெளிப்படும். நினைவு பிழைபடக்கூடியது என்பதையும் மறக்கக் கூடாது. அதை ஆவணத்தோடு ஒப்பிடுவதே ஒரு வரலாற்றுப் பயிற்சி.

உடலும் நேரமும்

இந்த விவாதம் முழுவதும் உடலின் எல்லைக்குள் நடப்பது. அலிபிரிப் பாதையில் ஏறத்தாழ 3,550 படிகள். ஸ்ரீவாரி மெட்டுப் பாதையில் சுமார் 2,400. அறுபத்தைந்து வயதைக் கடந்தோருக்குத் தேவஸ்தானம் தனித் தரிசன ஏற்பாடு வைத்துள்ளது. மற்ற இடங்களில் அப்படிப்பட்ட வசதிகள் ஒரே சீராக இல்லை. கோட்டைப் படிகளும் சீரற்ற கல்தளமும் வெயிலும் கழிப்பறைத் தட்டுப்பாடும் ஒருவரின் நாளையே கெடுத்துவிடும்.

மெக்ளஸ்கி 1963இல் முன்வைத்த மற்றொரு கருத்து இங்கே உதவுகிறது. ஒருவர் சுமக்கும் பாரத்துக்கும் அவரிடமுள்ள ஆற்றலுக்கும் இடையே எஞ்சும் மிச்சத்திலிருந்துதான் கற்பதற்கான தெம்பு வருகிறது என்றார் அவர். அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி, ஒரே நாளில் திருமலை, திருச்சானூர், காளத்தி மூன்றையும் முடித்து இரவில் வீடு திரும்பும் பயணத்தில் அந்த மிச்சம் இருக்காது. ஒரு நாளைக்கு ஓர் இடம், நிழலில் உட்கார்ந்து கேட்கும் விளக்கம், மதிய ஓய்வு என்று அமைத்தால் அது கூடும். அதற்கு எதிர்வாதமும் நியாயமானது: நாட்கள் கூடினால் செலவும் கூடும், வீட்டை விட்டுப் பல நாள் பிரிந்திருக்க முடியாத மூத்தோர் பலர், எல்லா மூத்தோரும் தளர்ந்தவர்களும் அல்லர். எண்பதிலும் நடந்தே மலையேறுபவரிடம் ஓய்வைத் திணிப்பதும் அவமதிப்பே. ஒரே குழுவில் வேறுபட்ட வேகங்களுக்கு இடமளிக்கும் அமைப்புத்தான் தேவை. மலைக்குப் போகும் வழியிலேயே, படிப்பாறையும் அதன் அடியிலுள்ள மிகப் பழைய கருங்கற்பாறையும் சந்திக்கும் இடம் புவியியல் சின்னமாகப் போற்றப்படுகிறது. அவ்விரு பாறைகளுக்கும் இடையே பல பத்துக் கோடி ஆண்டுகளின் இடைவெளி உண்டு. நடக்க இயலாதவர் சாலையிலிருந்தே கற்கத்தக்கவையும் இங்கே உள்ளன என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

மதிப்பீடு

மேற்கண்ட நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றைத் தள்ளுவதற்குப் போதிய காரணம் இல்லை. தலயாத்திரை மரபு பயணிக்கு உள்ள நோக்கத்தையும் நினைவையும் மதிக்கிறது. தொல்லியல் சான்றைத் தருகிறது. வாழ்நாள் கல்வி இயக்கம் முறையைத் தருகிறது. அரசுத் திட்டம் எளியோருக்கும் வழி திறக்கிறது. ஒவ்வொன்றும் தனித்து நிற்கையில் மூத்தோரின் ஒரு பகுதியையே காண்கிறது. பக்தியா அறிவா என்ற பழைய எதிர்நிலை, குறைந்தபட்சம் திருப்பதி வட்டாரத்தில், பொருந்துவதாகத் தெரியவில்லை. இங்குள்ள கல்வெட்டுகளே பக்தியின் ஆவணங்கள்தாம். வீராசாமியின் நூலும் அந்தப் பிரிவினையை ஏற்கவில்லை.

திறந்தே நிற்கும் கேள்விகள் வேறு. முதலாவது, இத்தகைய பயணத்தில் கற்றதை எப்படி அறிவது என்பது. தேர்வு வைத்து அறியும் கல்வி அல்ல இது. திரும்பி வந்தவர் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னது, அடுத்த பயணத்தில் கேட்ட கேள்வி, உள்ளூர்க் கோயில் கல்வெட்டைப் பார்க்கக் காட்டிய ஆர்வம் ஆகியன அளவுகோலாகலாம். ஆனால் அவற்றைத் தொகுத்து மதிப்பிடும் முறை இன்னும் உருவாக வேண்டும். இரண்டாவது, மரபும் சான்றும் மோதும் இடத்தில் விளக்குபவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பது. அதற்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதி இருக்க முடியாது. குழுவின் இயல்பு அதைத் தீர்மானிக்கும். மூன்றாவது, சிறு குழுவாக நிதானமாகப் போவதன் நன்மையையும் பெருந்திரளான எளியோருக்கு வாய்ப்பளிப்பதன் நீதியையும் எப்படி ஒன்றாகப் பெறுவது என்பது. இது செலவு பற்றிய கேள்வி என்பதால் அரசும் அறநிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்தே விடை காண வேண்டும். திருப்பதியில் பல்கலைக்கழகங்கள் உள்ளன; கல்வெட்டறிந்த ஆசிரியர்களும் மாணவர்களும் உள்ளனர்; வந்து இறங்கும் மூத்தோரும் உள்ளனர். இவர்களை ஒரே திண்ணையில் உட்காரவைக்கும் ஏற்பாடுதான் குறைவு.

நான்காவது கேள்வியே மிக முக்கியமானது என்று தோன்றுகிறது. மூத்தோர் வரலாற்றைக் கேட்டுத் திரும்புபவர்கள் மட்டுமா, அல்லது அதற்குச் சேர்த்துத் தரத்தக்கவர்களுமா? பழைய கோபுரம், அகற்றப்பட்ட மண்டபம், மாறிய எல்லை ஆகியவை பற்றிய நினைவுகள் பதிவாகாவிட்டால் ஒரு தலைமுறையோடு மறைந்துவிடும். அவற்றைக் கேட்டுப் பதிவுசெய்யும் பணியைப் பயணத்தின் ஒரு பகுதியாக்கினால், மெக்ளஸ்கி சொன்ன ‘பிறருக்குப் பயன்படும்’ தேவையும் நிறைவேறும். வட்டார வரலாறும் வளம்பெறும். இது எந்த அளவுக்கு நடைமுறைக்கு வரும், கிடைக்கும் நினைவுகள் எவ்வளவு நம்பத்தக்கவை என்பதைச் செய்து பார்த்தே சொல்ல முடியும். செய்து பார்ப்பதற்குத் தேவையானவை பெரும்பாலும் கைவசம் உள்ளன. குறைவாக இருப்பது நேரம் ஒதுக்கும் மனமும், மூத்தோரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள நிறைய உண்டு என்ற நம்பிக்கையும்.